சீல் வைத்த ரசீது

தம்பி, உங்க போர்டிங் பாஸைக் கொஞ்சம் காட்டுங்க. பயப்படாதீங்க, சும்மா பாக்கத்தான். முப்பத்தோரு வருசப் பழக்கம், பக்கத்துல ஒரு ஆள் உக்காந்திருந்தா கை தானா நீண்டுருது. கொடுங்க... ம். சரி. சரி சரி, இந்தாங்க, பத்திரமா வச்சுக்கங்க.

நான் பஸ்ல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்தவன். பேரு அழகுமலை. போன வருசம்தான் ரிட்டையர் ஆனேன். விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டின்னு அந்த ரூட்டுல போய் என் பேரைச் சொல்லிப் பாருங்க, டிக்கெட் எடுத்தவன்கூட ஒரு தடவை சட்டைப்பையைத் தொட்டுப் பாத்துக்கிருவான். அப்பேர்ப்பட்ட ஆளை இன்னைக்குக் காலையில ஏர்போர்ட்ல வேட்டியைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்க வச்சுட்டாய்ங்க. சிரிங்க, பரவாயில்லை. அங்கேயும் வரிசையில நின்ன அத்தனை பேரும் சிரிச்சாய்ங்க.

பிளைட்டு ஏறுறது எனக்கு இதான் மொதத் தடவை. இதுகூட நான் வர வேண்டிய பிளைட்டு இல்லை. காலையில பத்தேகாலுக்கு ஒண்ணு போச்சு, என் பேருல டிக்கெட் போட்டது. அது கரெக்டாப் போயிருச்சு. நான்தான் போகலை.

எதுக்குப் போறேன்னு கேக்கலையே நீங்க. என் தங்கச்சி மகளுக்குக் காது குத்து. தங்கச்சி வளர்மதி, எனக்கும் அவளுக்கும் பதினஞ்சு வயசு வித்தியாசம், நான்தான் தோள்ல போட்டு வளத்தேன். மும்பையில செம்பூர்ல இருக்கா. கல்யாணமாகி பதினாலு வருசம் கழிச்சுப் பொறந்த பிள்ளை, மகிழினின்னு பேரு, மூணு வயசு. இன்னைக்கு மூணு மணிக்கு மேல நல்ல நேரம். மாமன் மடியில உக்கார வச்சுத்தானே காது குத்தணும்? நான் ஒரே மாமன். என் மடி போய்ச் சேரலைன்னா பிள்ளையை எங்க உக்கார வைக்கிறது, சோபாவுலயா?

அதுலயும் பாருங்க, தங்கச்சி என்கிட்டப் பேசி ஒம்பது வருசம் ஆச்சு. பிள்ளை பொறந்த சேதியே எனக்கு மூணாவது மனுசன் சொல்லித்தான் தெரியும். போன மாசம் திடீர்னு போன் பண்றா. "அண்ணே, பிள்ளைக்குக் காது குத்தப்போறோம். நீ வரணும்"கிறா. நான், "என்னம்மா கொண்டு வரட்டும், சீருக்கு என்னென்ன வேணும்"னு அடுக்குறேன். "ஒண்ணும் வேணாம்ணே. நீ வந்தாப் போதும்"னா. நான் விடலை, ஏதாவது சொல்லுன்னேன். "சரி, காதுப் புண்ணுக்குத் தடவ நம்ம ஊரு செக்குத் தேங்காயெண்ணெய் கொஞ்சம் கொண்டா. இங்க எல்லாம் பாக்கெட்டுதான்"னா. வந்த வினை அங்கதான் தம்பி.

செக்கிங்கைப் பத்தி நான் சொன்னா நீங்க கேட்டுக்கிடணும், ஏன்னா அது என் தொழில். இவிங்களுக்குச் செக்கிங்கே தெரியலை. செக்கிங்னா சொல்லாம வரணும். நாங்க புளியமரத்துக்குப் பின்னாடி ஜீப்பை நிறுத்திட்டு ஒளிஞ்சு நிப்போம். பஸ்ஸு திரும்புறப்ப ஒரு கை காட்டு, ஏறு, முன்வாசல் ஒருத்தன், பின்வாசல் ஒருத்தன், அம்புட்டுத்தான். உள்ள இருக்கவன் மூஞ்சியைப் பாத்தாலே தெரிஞ்சுரும். இவிங்க என்னடான்னா, பெரிய போர்டு எழுதி, படம் போட்டு, வரிசை கட்டி, "வாங்க, உங்களைச் செக் பண்ணப்போறோம்"னு கூப்பிடுறாய்ங்க. தப்புப் பண்றவன் வருவானா? என்னை மாதிரி ஆளுதான் வருவான்.

மொதல்ல பெல்ட்டைக் கழட்டுன்னாய்ங்க. நான் கட்டியிருக்கது இந்தப் பச்சை பெல்ட்டு. அகலமா, பை வச்சது. இது அழகுக்குப் போடுறதில்லை தம்பி, வேட்டியே இதுலதான் நிக்குது. கழட்டி டிரேயில போட்டேன். ஒரு கையில வேட்டியைப் பிடிச்சுக்கிட்டேன். உள்ள போனா, ஒரு பய, மீசைகூடச் சரியா மொளைக்கலை, வடக்கத்திப் பய, கையில ஒரு கட்டையை வச்சுக்கிட்டு, ரெண்டு கையையும் தூக்குங்கிறான். தூக்கினா வேட்டியை யாரு பிடிக்கிறது, அவுக அப்பனா? நான் தமிழ்ல சொல்றேன், அவன் இந்தியில சொல்றான். கடைசில முழங்கையால வேட்டியை இடுப்போட அமுக்கிக்கிட்டு, உள்ளங்கையை மட்டும் தூக்கிக் காட்டினேன். ஆசீர்வாதம் பண்ற சாமியாரு மாதிரி நின்னேன்.

அவன் கட்டையை இடுப்புக்கிட்டக் கொண்டு வந்தான், "கீ"ன்னுச்சு. இன்னொரு தடவை வச்சான், மறுபடியும் "கீ". என்னன்னு பாத்தா, என் வெள்ளி அரைஞாண்கொடி! கல்யாணத்துக்குப் போட்டது, அன்னைலேருந்து இடுப்பை விட்டு எறங்கலை. எடுத்துக் காட்டுங்கிறான். ஊரு உலகத்துக்கு முன்னாடி சட்டையைத் தூக்கி அரைஞாண்கொடியைக் காட்டினேன். பின்னாடி ஒரு பொம்பளைப் பிள்ளை, "அம்மா, தாத்தா செயின் போட்டிருக்காங்க"ன்னு கத்துது. அந்த அவமானத்தை நான் பொறுத்துக்கிட்டேன். ஏன்னா அவன் டூட்டி பாக்கிறான். டூட்டி பாக்கிறவனை நான் மதிப்பேன். பய நல்லா வருவான்.

பிரச்சினை என் கைப்பையிலதான் வந்துச்சு. எண்ணெய் பாட்டிலை வெளிய எடுத்து வச்சுட்டாய்ங்க. நூறு மில்லிக்கு மேல கையில கொண்டுபோகக் கூடாதாம். நான் சொன்னேன், "பாட்டிலு பெரிசு, உள்ள எண்ணெய் பாதிதான். அளந்து பாரு, நூறுகூட இருக்காது." அதுக்கு ஒரு மேடம் வந்தாங்க, நம்ம கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளை, சட்டையில செண்பகவல்லின்னு பேரு குத்தியிருந்துச்சு. "ஐயா, உள்ள எவ்வளவு இருக்குன்னு பாக்க மாட்டோம். பாட்டில்ல எவ்வளவு போட்டிருக்குன்னுதான் பாப்போம். இருநூறுன்னு போட்டிருக்கு"ன்னாங்க.

என்ன நியாயம் தம்பி இது? அரை பாட்டில் எண்ணெய்க்கு முழு பாட்டில் கணக்கா? என்ன, என்ன கேக்குறீங்க? நான் பஸ்ல எப்படிப் பாப்பேன்னா? டிக்கெட்டுல என்ன ஸ்டேஜ் போட்டிருக்கோ அதான் கணக்கு. ஒரு அடி தாண்டினாலும் தாண்டினதுதான். அது வேற தம்பி. அது பஸ்ஸு.

அந்தப் பிள்ளை மரியாதையாத்தான் சொல்லுச்சு. "ஐயா, இன்னும் நேரம் இருக்கு. திரும்பிப் போய்ப் பையை லக்கேஜ்ல போட்டுட்டு வந்துருங்க. எண்ணெயும் உங்க கூடவே வரும்." மணி அப்ப ஒம்பதுகூட ஆகலை. நான் சொன்னேன், "ஒரு தடவை செக்கிங் முடிஞ்சவன் எதுக்கும்மா திரும்பிப் போகணும்? நான் என்ன குத்தவாளியா?" சரி, அப்ப எண்ணெயை இங்க விட்டுட்டுப் போங்கன்னாங்க. எந்த ரூல்ஸ்படின்னேன். போர்டைக் காட்டினாங்க. போய்ப் பாத்தேன். அந்தப் போர்டுல தேதி இல்லை, உத்தரவு நம்பர் இல்லை, கையெழுத்து இல்லை. நாலு பாட்டில் படத்தைப் போட்டுக் குறுக்க ஒரு கோடு இழுத்திருக்கு. இது உத்தரவா? சின்னப் பிள்ளை டிராயிங்கு!

இதுல ஒருமணி நேரத்துல முக்கால்வாசி போயிருச்சு. நான் அசையலை. கடைசில ஒண்ணு கேட்டேன் பாருங்க, அதுல ஆடிப்போயிட்டாய்ங்க. "என் பொருளைப் பறிமுதல் பண்றீங்கள்ல? ரசீது கொடுங்க"ன்னேன். அவிங்க அத்தனை பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்குறாய்ங்க. அங்க யாருமே அதுவரைக்கும் ரசீது கேட்டதில்லையாம்! கத்தி போயிருக்கு, கத்தரிக்கோல் போயிருக்கு, ஊறுகாய் போயிருக்கு, ஒருத்தனும் ரசீது கேக்கலை. இந்த நாடு எப்படித் தம்பி உருப்படும்?

அந்த மேடம் பாவம், "ஐயா, உங்க பிளைட்டுக்குக் கேட்டை மூடப்போறாங்க, எண்ணெயை விடுங்க, நீங்க போங்க"ன்னு கையெடுத்துக் கும்பிடாத குறையாச் சொன்னாங்க. நான் நகரலை. வேற வழியில்லாம ஒரு வெள்ளைத்தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாங்க. வாங்கிப் பாத்தேன். சீல் இல்லை. சீல் இல்லாத ரசீது செல்லாதும்மான்னேன். சீல் வேற ஒரு ஆபீஸ்ல இருக்காம், கட்டடத்துக்கு அந்தப் பக்கம். அந்த மீசை மொளைக்காத பய ஓடினான்.

அப்ப மைக்குல என் பேரு வருது. "அழகுமலை, அழகுமலை"ன்னு ஒரு பொம்பளைக் குரல் இங்கிலீசுல கூப்பிடுது. ஒரு தடவை இல்லை, மூணு தடவை. நான் என்ன நினைச்சேன்னா, என் புகாரு மேலிடம் வரைக்கும் போயிருச்சு, விசாரிக்கக் கூப்பிடுறாய்ங்கன்னு நினைச்சேன். நெஞ்சை நிமுத்திக்கிட்டு நின்னேன். பெல்ட்டும் கட்டிட்டேன்.

சீல் வந்துச்சு. பிளைட்டு போயிருச்சு.

இந்தா பாருங்க, ரசீது. தொட்டுப் பாக்கலாம். "தேங்காயெண்ணெய் பாட்டில் ஒன்று." கையெழுத்து, தேதி, சீல். எண்ணெய் குப்பைத்தொட்டிக்குப் போயிருச்சாம். பிள்ளை காதுல தடவ இதான் இருக்கு.

உங்களுக்குத் தூக்கம் வருதா? இல்லையா? அந்த ஏர்ஹோஸ்டஸ் பொண்ணுகிட்டத் தண்ணி வாங்கிக் குடிங்க. இன்னும் கொஞ்சந்தான்.

தங்கச்சி ஏன் ஒம்பது வருசம் பேசலைன்னு சொல்லலை பாருங்க. அது ஒண்ணும் பெரிய விசயம் இல்லை. அவ அப்பக் கோவில்பட்டிப் பக்கம் ஆஸ்பத்திரியில இருந்தா. வயித்துல இருந்தது தங்கலை. மூணாவது தடவை அது. மாப்ள, அதான் அவ வீட்டுக்காரரு, சோலைராஜ்னு பேரு, மில்லுல நைட் டூட்டி பாத்துட்டு, பகல்ல கஞ்சி எடுத்துக்கிட்டுப் பஸ்ல ஆஸ்பத்திரிக்கு வருவாரு. அன்னைக்கு நான் ஸ்குவாடோட அந்தப் பஸ்ல ஏறுறேன். பின் சீட்டுல தூக்குவாளியை மடியில வச்சுக்கிட்டு ஒரு ஆள் தூங்குறான். எழுப்பி டிக்கெட்டைப் பாத்தா, ஆஸ்பத்திரி ஸ்டாப்பு வரைக்கும்தான் இருக்கு. பஸ்ஸு அதைத் தாண்டி மூணு மைல் வந்திருச்சு. தலையைத் தூக்கினா மாப்ள.

"தூங்கிட்டேன் மச்சான்"னாரு. தம்பி, நூறு பேரைப் பிடிச்சா தொண்ணூறு பேரு சொல்றது இதான். தூங்கிட்டேன் சார், தூங்கிட்டேன் சார். என்கூட ரெண்டு ஜூனியர் இருந்தாய்ங்க. மச்சான்னு கூப்பிட்டதும் ரெண்டு பேரும் என் மூஞ்சியவே பாக்குறாய்ங்க. நான் விட்டா, நாளைக்கு இவிங்கள்ல ஒருத்தன் சித்தப்பனை விடுவான், இன்னொருத்தன் பெரியப்பனை விடுவான். பஸ்ஸை ஓரங்கட்டச் சொன்னேன். அவரை நடுவுல நிக்க வச்சு கேஸ் எழுதினேன். கையெழுத்து வாங்கினேன். பஸ்ல இருந்தவன்லாம் ஒரே சிரிப்பு, "கஞ்சி வாளிக்கு டிக்கெட் இருக்கா"ங்கிறான் ஒருத்தன். அவரு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. "மச்சான், அடுத்த ஸ்டாப்பு வரைக்கும் வர்றேன், அங்க திரும்புற பஸ்ஸு கிடைக்கும். வளரு பசியோட இருப்பா." டிக்கெட் இல்லாம ஒரு அடி வரக்கூடாதுன்னுட்டேன். எறங்குங்கன்னேன். எறங்கிட்டாரு. பொட்டல்காடு. சித்திரை மாசம்.

மூணு மைல் நடந்து போயிருக்காரு. போய்ச் சேர்றதுக்குள்ள கஞ்சி புளிச்சிருச்சாம்.

சாயங்காலம் டூட்டி முடிஞ்சு நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன் தம்பி, போகாம இல்லை. ஆரஞ்சு வாங்கிட்டுப் போனேன். அவ சுவத்தைப் பாத்துப் படுத்திருந்தா. "என் வீட்டுக்காரருக்கு ஒரு ஸ்டாப்பு கொடுக்க முடியலை இல்ல அண்ணே உனக்கு?"ன்னா. அம்புட்டுத்தான். அப்புறம் மும்பைக்குப் போயிட்டாங்க. நான் என்ன தப்புப் பண்ணேன் சொல்லுங்க? அந்த வருசம் எனக்கு நல்ல பேருன்னு சொல்லி ஆபீஸ்ல சால்வையெல்லாம் போத்தினாய்ங்க. வீட்டுல கொண்டாந்து கொடுத்தேன். என் வீட்டுக்காரி அதை மாடியில காயப்போட்ட மிளகாயை மூட வச்சுக்கிட்டா. காலையில கிளம்புறப்பக்கூட, அவளுக்கு முழங்கால் வலி, வர முடியலை, வாசல்ல நின்னுக்கிட்டு, "போற எடத்துல யாருகிட்டயும் டிக்கெட்டைக் கேக்காம போய்ட்டு வாங்க"ங்கிறா. பாத்துக்கங்க.

ம். எங்க விட்டேன்? பிளைட்டு போயிருச்சு. வெளிய கொண்டாந்து ஒரு சேர்ல உக்கார வச்சாய்ங்க. போனை எடுத்துத் தங்கச்சிக்கு அடிக்கிறேன். அவ எடுக்கலை. மாப்ள எடுத்தாரு. ஒம்பது வருசம் கழிச்சு அந்தக் குரலைக் கேக்குறேன். "சொல்லுங்க மச்சான், ஏறிட்டீங்களா?"ங்கிறாரு. பின்னாடி ஆளுங்க சத்தம், பாத்திரச் சத்தம், பிள்ளை எதுக்கோ அழுவுது.

எண்ணெய் கதையைச் சொன்னேன். ரசீதைச் சொன்னேன். சீலைச் சொன்னேன். நான் காத்துக்கிட்டிருக்கேன். இப்பச் சொல்லுவாரு, ரூல்ஸ்னா ரூல்ஸ்தான் மச்சான், வீட்டுக்குப் போங்கன்னு சொல்லுவாரு. சொல்லட்டும். நானா இருந்தா அதைத்தான் சொல்லியிருப்பேன். மனசுக்குள்ள எனக்குப் பெரிய பயம் தம்பி. பொய் சொல்லக்கூடாது, பஸ்ல அம்பது பேரைச் சமாளிச்சிருக்கேன், இப்படிப் பயந்ததில்லை.

அவரு கேட்டாரு, "காலையில சாப்பிட்டீங்களா?"

இல்லைன்னேன்.

"அங்கேயே உக்காருங்க மச்சான். எங்கயும் போயிராதீங்க. ஏதாவது வாங்கிச் சாப்பிடுங்க. மத்தியானம் ஒரு பிளைட்டு இருக்கு, நான் டிக்கெட் போட்டு அனுப்புறேன்"னாரு. நான், "மாப்ள, மூணு மணிக்கு முகூர்த்தமாச்சே, வந்தவங்கள்லாம் இருக்காங்களே"ங்கிறேன். "வந்தவங்க கேசரி சாப்பிட்டுட்டுப் போகட்டும். ஆசாரியை நாளைக்குக் காலையில வரச் சொல்லிக்கலாம். மாமன் வராம எப்படிக் குத்துறது?"ன்னுட்டு போனை வச்சுட்டாரு.

பாத்தீங்களா? நாள் குறிச்சு, நேரம் குறிச்சு, ஊரைக் கூட்டி வச்சுட்டு, ஒரு ஆளுக்காக முகூர்த்தத்தை மாத்துறாரு! ரூல்ஸ்னா என்னன்னே தெரியாத மனுசன். அன்னைலேருந்து அப்படித்தான்.

இல்லை இல்லை, ஒண்ணுமில்லை. இந்த ஏசி காத்து நேரா கண்ணுல அடிக்குது. மேல அதை எப்படித் திருப்புறது? ம், அப்படியா. சரி, இருக்கட்டும்.

மறுபடியும் உள்ள வர்றப்ப அதே செண்பகவல்லி மேடம்தான். என்னைப் பாத்ததும் அந்தப் பிள்ளைக்கு மூஞ்சி வெளிறிப்போச்சு. "ஐயா, பையில எண்ணெய் இருக்கா?"ன்னாங்க. "இல்லம்மா, ரசீதுதான் இருக்கு"ன்னேன். அரைஞாண்கொடி மறுபடியும் கத்துச்சு. அந்தப் பய சட்டையைத் தூக்கச் சொல்லலை, சிரிச்சுக்கிட்டே போங்கன்னு கை காட்டிட்டான். டூட்டியில அது தப்பு. எழுதிக் கொடுத்தா அவனுக்கு மெமோ வரும். எழுதலை.

என்ன தம்பி, வெளிய எட்டி எட்டிப் பாக்குறீங்க? கடலு வந்திருச்சா? டிக்கெட்டை அனுப்பிட்டு மாப்ளதான் சொன்னாரு, "மச்சான், மொதத் தடவை வர்றீங்கன்னு ஜன்னலோரமாப் பாத்துப் போட்டிருக்கேன். எறங்கறதுக்கு முன்னாடி கடலு தெரியும், பாருங்க"ன்னு.

ஆமா, ஜன்னலோரந்தான். பதினாலு ஏ. நீங்க உக்காந்திருக்கீங்கள்ல, அதான். உங்களுது இந்த நடு சீட்டு. உங்க பாஸை வாங்கிப் பாத்தப்பவே தெரியும்.

எந்திரிக்காதீங்க, எந்திரிக்காதீங்க. உக்காருங்க. மேல பாருங்க, பெல்ட்டு போடச் சொல்லி லைட்டு எரியுது. இப்ப எந்திரிக்கக் கூடாது, ரூல்ஸ்னா ரூல்ஸ்தான். கொஞ்சம் தலையை மட்டும் பின்னால சாய்ச்சுக்கங்க, நானும் எட்டிப் பாத்துக்கிடுறேன்.